வகுப்பறையில் சமூக ஊடகம்: ஓர் ஆசிரியரின் இரு மனம்





சமூக ஊடகங்களை வகுப்பறையில் பயன்படுத்தலாமா என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்தீர்கள். ஆம் என்றோ கூடாது என்றோ ஒரு சொல்லில் கூறி அமர்ந்துவிட என்னால் இயலவில்லை. அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் அவற்றால் பயன் பெற்றிருக்கிறேன். அவற்றைக் கண்டு அஞ்சியும் இருக்கிறேன்.

நன்மையை முதலில் கூறுவதே நேர்மை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு திறந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்நாட்களில் பெருந்துணை புரிந்தது. எனினும் தொலைக்காட்சியிடம் பிள்ளைகள் ஐயம் கேட்க முடியாது. அக்குறையை ஓரளவு நிரப்பியது வாட்ஸ்அப் குழுவே. மின்சுற்றுப் படத்தை வரைந்து அனுப்புவார்கள். பிழையைச் சுட்டிக் குரல் பதிவில் விளக்குவேன். வகுப்பில் வாய் திறவாத சில பிள்ளைகள் அங்கே துணிந்து வினவியதைக் கண்டு வியந்தேன். பள்ளி திறந்ததும் அவர்கள் மீண்டும் மௌனமாயினர் என்பது வேறு செய்தி!

மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி, அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும் என்றிருந்த வீடுகளில், பாடம் பிள்ளையின் கைக்கு வந்து சேர இரவு பத்து மணியாயிற்று.

என் அச்சம் அதற்குப் பின்னர்தான் தொடங்கிற்று. பாடத்திற்காக வாங்கிய கைபேசி, பள்ளி திறந்தபின் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. ஆசிரியர் இருந்த குழுவுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லாத குழு ஒன்று முளைத்தது. உடன் பயிலும் மாணவனின் படத்தை உருமாற்றி, பட்டப்பெயர் சூட்டி, நள்ளிரவு வரை நகைத்திருக்கிறார்கள். அம்மாணவன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பரிகாசத்தையும் தீய பட்டப்பெயரையும் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தை நம் பிள்ளைகள் மக்தபில் ஓதியவர்களே. ஓதியது கைபேசித் திரைக்கும் பொருந்தும் என்று அவர்களுக்கு யார் சொன்னோம்?

அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வரும் செய்தியை விசாரித்தறியப் பணிக்கிறது. 2018 மே மாதம், சென்னையிலிருந்து குடும்பத்தினருடன் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு மூதாட்டி, போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கருதிக் கூட்டம் அவரை அடித்தே கொன்றது. காரணம், கைபேசிகளில் பரவிக்கொண்டிருந்த வதந்தி. பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பிட்டது.

இதை வகுப்பில் சொல்லும்போது இமாம் புகாரி (ரஹ்) அவர்களையும் குறிப்பிடுவேன். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நாணயமும் நினைவாற்றலும் எத்தகையவை என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த பின்னரே கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஒரு ஹதீஸை ஏற்றார்கள். நமக்கு வரும் செய்தியிலோ ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறிப்பு மட்டுமே உண்டு. முதலில் சொன்னவரின் பெயர் இராது. மாற்று மதத்து மாணவர்களும் இவ்வொப்பீட்டை ஆர்வத்துடன் கேட்கிறார்கள். மக்தப் உஸ்தாதுமார்கள் இதனை என்னைவிட நன்றாக விளக்க வல்லவர்கள்.

இப்போது என் வகுப்புக் குழுவில் பெற்றோரின் எண்கள் மட்டுமே உள்ளன. விளக்கக் காட்சிகளுக்கு, 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்டுள்ள கியூஆர் குறியீடே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. பிள்ளைகளின் படத்தை எங்கும் இடுவதில்லை. 18 வயது நிரம்பாதோரின் தகவல்களை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நிறுவனத்திற்கே அப்படியென்றால், மக்தப் ஆண்டு விழாவில் பரிசு பெறும் சிறுமியின் படத்தைப் பெயருடன் குழுவில் இடுமுன் நாமும் அவளுடைய பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?

நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். மக்தப் அறையில் இணைய வசதியுடன் ஒரு கணினி வையுங்கள். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பெரியவர் ஒருவரின் பார்வையில் அமர்ந்து பாடம் காணட்டும். இன்ஷா அல்லாஹ், வாரத்தில் இரண்டு நாட்கள் நான் வந்து உடனிருக்கிறேன்.