கரையொதுங்கும் துடுப்பு மீன்

ஆழ்கடல் வாழ் உயிர்கள் மனிதக் கண்ணுக்குப் புலப்படுவது மிக அரிது. ஆயினும் எப்போதாவது ஒருநாள், அலை கொண்டுவந்து போட்ட விந்தைப் பிராணியொன்றைச் சுற்றி ஊரே திரண்டுவிடுகின்றது. அவ்வாறு ஊரைத் திரட்டுவதில் முதலிடம் பெறுவது துடுப்பு மீன்.

2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், கலிபோர்ணியாவுக்கு அப்பாலுள்ள கற்றலினாத் தீவின் குடாவொன்றில் நீந்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவர், 18 அடி நீளமான மீனொன்று இறந்து கிடக்கக் கண்டார். அவர் அதனைக் கரையருகே இழுத்துவந்தபோது, மேலே ஏற்றுவதற்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழியுமுன், ஓசன்சைட் நகரக் கரையில் 14 அடி நீளமான மற்றொன்று ஒதுங்கிற்று.

வெள்ளித் தகட்டை ஒத்த, செதிலற்ற, நாடா போன்ற உடல். தலையிலே செந்நிறக் கொண்டை. உடல் நெடுகிலும் செந்நிற முதுகுச் செட்டை. எலும்புள்ள மீன்களுள் இதனினும் நீண்டது வேறில்லை. நிமிர்ந்து செங்குத்தாக நின்றவாறே, முதுகுச் செட்டையை அசைத்து நகரும் இயல்பும் இதற்குண்டு. தோற்றம் அச்சந்தருவதாயினும், கடிப்பதற்குப் பல் இல்லை. இறாலைப் போன்ற சிற்றுயிர்களே இதன் உணவு.

யப்பானியர் இதனைக் கடலரசன் மாளிகையின் தூதன் என்பர். இது கரையில் தோன்றினால் நிலநடுக்கம் வரும் என்பது அவர்களிடையே நிலவிய நம்பிக்கை. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதிப் பேரழிவுக்கு முன்னரும், 2009-10 மாரிகாலத்தில், அந்நாட்டுக் கரைகளில் இவ்வகை மீன்கள் பல காணப்பட்டன. தூதன் சொன்னது மெய்யாயிற்று என்று பலர் எண்ணினர்.

இது மெய்தானா? யப்பானிய ஆராய்ச்சியாளர் 1928 முதல் 2011 வரையிலான பதிவுகளைத் திரட்டினர். துடுப்பு மீன் முதலான ஆழ்கடல் மீன்கள் காணப்பட்ட 336 நிகழ்ச்சிகளை, 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டனர். 2019இல் வெளியான முடிவின்படி, இரண்டும் பொருந்தியது ஒரேயொரு தடவைதான். ஆகவே, அது தற்செயல் என்றே கொள்ளத்தகும். நோயுற்றோ காயமுற்றோ வலுவிழந்த மீனை, நீரோட்டமும் புயலும் மேலே தள்ளிவிடுகின்றன. நாம் காண்பது பெரும்பாலும் அதன் இறுதி வேளையையே.

நேயர்களே, இவ்வாராய்ச்சி நமக்கும் பயன்படுவதொன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் நாட்டைக் கடல் கொண்டபோது எந்தத் தூதனும் வரவில்லை. ஆனால் தென்மேற்குக் கரையின் சில இடங்களில், முதல் அலைக்குப்பின் கடல் வெகுதூரம் உள்வாங்கிற்று. வெளிப்பட்ட தரையை வேடிக்கை பார்க்கச் சென்றோர் பலர் மீளவில்லை. அஞ்சவேண்டிய அடையாளம் அதுவே. கடல் திடீரென உள்வாங்கினால், மேட்டுநிலத்தை நாடி ஓடுங்கள். கரையில் கிடக்கும் மீனைக் கண்டு கலங்காதீர்கள்.

என்றேனும் விந்தை மீனொன்று உங்கள் கரையில் ஒதுங்குமாயின், அதனை வெட்டிக் கூறுபோடாமல், நாளையும் இடத்தையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு, கடற்றொழில் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். 2024இல் கலிபோர்ணியாவிலே காணப்பட்ட துடுப்பு மீனொன்று அவ்வாறுதான் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிட்டிற்று. ஆழத்தின் இரகசியத்தை அறிய நமக்குக் கிடைக்கும் ஏடு பல வேளைகளில் அம்மீனின் உடல் ஒன்றே.