அண்டை வீட்டு அடுப்பும் நமது அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ரமளானுக்குச் சற்று முன்னர், பைத்துல்மாலில் உதவி கோரியிருந்த ஒரு சகோதரியின் இல்லத்திற்கு நிர்வாகிகளுடன் சென்றிருந்தோம். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள், வாடகைக்கு ஓர் அறை. கேஸ் சிலிண்டர் துணி போர்த்தி மூலையில் நின்றது. அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. காரணம் கேட்டோம். "சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும் ஹஜ்ரத். விறகென்றால் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்றார்.

அவர் உதவி கேட்டது அரிசிக்கும் அன்று, துணிக்கும் அன்று, மின் கட்டணத்திற்கு. வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்குகிறாராம். அவர் நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவர்தாம். அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. இது பிழை என்ற எண்ணமே நம்மில் பலருக்கு இல்லை. அதை எடுத்துரைக்காதது நம் போன்ற ஆலிம்களின் குறையேயாகும்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் யாவரும் பங்காளிகள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. அன்று நெருப்பு என்பது விளக்கும் அடுப்பும். இன்று அது மின்சாரமும் எரிவாயுவும். அற்பப் பொருளையும் அண்டை வீட்டாருக்குக் கொடாது தடுப்போரை அல்மாஊன் அத்தியாயம் தொழுகையில் பொடுபோக்கானவர்களுடன் சேர்த்தே கண்டிக்கிறது என்பதையும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அடுப்புப் புகை அற்பமானதன்று. வீட்டினுள் சூழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தில் நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டன. இணைப்பு வந்துவிட்டது; ஆனால் மறு சிலிண்டர் வாங்கும் சக்தி எல்லா வீட்டிற்கும் வரவில்லை.

தமிழக அரசு 2016ஆம் ஆண்டு, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி என அறிவித்தது. தனி மீட்டர் இல்லாத வாடகைக் குடும்பத்திற்கு அச்சலுகை சென்றடைவதில்லை. அது வீட்டுக்காரரின் கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. மூன்று குடும்பங்களின் பயன்பாடு ஒரே மீட்டரில் கூடுவதால் கட்டண விகிதமும் ஏறுகிறது. "எனக்கே பில் அதிகமாகத்தானே வருகிறது" என்று உரிமையாளர் கூறலாம். நியாயமே. அப்படியாயின் வந்த பில்லை அவரவர் பயன்படுத்திய அளவிற்கேற்பப் பங்கிடுங்கள். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதன் விலை? வேறு வீடு கிடைக்காது என்று அஞ்சிச் சம்மதிப்பது மனமொப்பிய சம்மதமாகாது. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. சப் மீட்டரும் ஒரு தராசுதான் சகோதரர்களே!

அடுத்து சூரிய மின்சாரம். 2024ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், வீட்டின் மேல் சோலார் அமைப்போருக்கு 1 கிலோவாட்டிற்கு 30,000, 2 கிலோவாட்டிற்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என நிர்ணயிக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆயினும் மானியம் பெற முதலில் சொந்தக் கூரை வேண்டும். அமைப்பதற்குக் கைப்பணமோ வங்கிக் கடனோ வேண்டும். கூரையற்றவரும், வட்டிக்கு அஞ்சி ஒதுங்குபவரும் வெளியில் நிற்கின்றனர். வசதியுள்ளவரின் பில் குறைகிறது; ஏழையின் பில் அப்படியே இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை ஜமாஅத் முன் வைக்கிறோம்.

ஒன்று: வீட்டு உரிமையாளர்கள் இயன்றவரை வாடகைக் குடும்பங்களுக்குத் தனி இணைப்புப் பெற்றுத் தாருங்கள். இயலாதபோது பில்லைக் காட்டிப் பங்கிடுங்கள்.

இரண்டு: பைத்துல்மாலில் சிலிண்டருக்கென அழகிய கடன் நிதி ஒன்றை ஏற்படுத்துவோம். வட்டியின்றி, சிறு தவணைகளில் திரும்பப் பெறுவோம். திருப்பித் தர இயலாத ஜகாத் உரிமையாளருக்கு ஜகாத்தையே கையில் ஒப்படைப்போம்.

மூன்று: பள்ளிவாசலுக்குச் சோலார் அமைக்கும் யோசனை நிர்வாகத்தின் முன் உள்ளது. அதற்கு ஜகாத் பணத்தைச் செலவிடுவது கூடாது என்பதே பெரும்பாலான ஃபுகஹாக்களின் தீர்ப்பு. தனி நன்கொடையே திரட்ட வேண்டும். திரட்டும்போதே, இதனால் மீதமாகும் மின் கட்டணம் ஏழைகளின் அடுப்பிற்கும் விளக்கிற்கும் செல்லும் என்று அறிவித்து, கொடுப்போரின் நிய்யத்தைப் பெற்றுக்கொள்வோமாக. பின்னர் மாற்றுவது அமானிதத்திற்கு முரணாகும்.

நாம் குளிரூட்டப்பட்ட பள்ளியில் தராவீஹ் தொழுகிறோம். அதே இரவில் நம் முஹல்லாவில் ஒரு தாய் கட்டணத்திற்கு அஞ்சி மின்விசிறியை நிறுத்திவிட்டு, விசிறியால் பிள்ளைக்கு வீசிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.