வேலைக்குப் போகிறவர்களுக்கும் வகுப்பு வேண்டும்



நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பர் 4. அணுமின் நிலையக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்திருப்பதாக மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் கொடுத்தது. செய்தி வெளியே கசிந்ததும் நிலையம் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. புகுந்தது எங்கே? அணு உலையை இயக்கும் கணினியிலா? இல்லை, அந்த இணைப்பே தனி. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இருந்த ஒருவரின் கணினியில்!

நான் வந்ததே இதைச் சொல்லத்தான். ஆபத்து அலுவலக மேசைக்குத்தான் முதலில் வருகிறது. நம் ஊர் மேசைகளில் இருக்கும் பலர் பட்டம் வாங்கி இருபது வருஷம் ஆகிறது. அவர்கள் படித்தபோது யூபிஐ ஏது? 2017 மே மாதம், கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போட வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத இடங்கள் எத்தனை!

அபிஷேகப்பட்டியில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சைபர் குற்றவியலைத் தனித்துறையாக முன்வைத்து, 2007இல் அதற்கென்றே ஆய்விதழ் தொடங்கிய பேராசிரியர் ஜெய்சங்கர் அங்கே பணியாற்றியவர். நமக்குப் பெருமைதான். ஆனால் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க், அம்பையில் வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் சகோதரி, இவர்கள் இரண்டு வருஷம் லீவு போட்டா படிக்க முடியும்?

அதனால் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறோம்: சைபர் பாதுகாப்பை ஆறு வாரப் பாடமாகப் பிரித்துக் கொடுங்கள். நம் விக்கிரமசிங்கபுரத்துக்கே வந்து நடத்துங்கள். படித்து முடித்த பாடத்தின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கக் கல்விக் கிரெடிட் வங்கி 2021லேயே வந்துவிட்டதே! வருஷா வருஷம் பாடத்தைப் புதுப்பித்து, படித்துப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

வெறும் ஸ்லைடு போதாது. ஒரு போலி மெயிலைத் திறந்து வையுங்கள். அனுப்பியவர் பெயரில் வங்கி இருக்கும். பதில் போகும் முகவரி வேறெங்கோ இருக்கும். அதைப் படிக்கிறவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு என்னென்ன விவரம் சொல்ல வேண்டும் என்று பேசிப் பழகட்டும்.

துணைவேந்தருக்கு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது, எந்தக் கிழமை, எத்தனை மணி உங்களுக்குத் தோதுப்படும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.