வாய் காட்டும் அறிகுறியும் ஊரார் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரின் இலை மஞ்சளித்தால் இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு நாம் வாளா இருப்பதில்லை; வேரையும் மண்ணையும் ஆராய்கின்றோம். மனித உடலில் வாயும் அத்தகையதே. எச்.ஐ.வி. கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது, அக்குறைவு பலருக்கு முதலில் வாயிலேயே வெளிப்படுகின்றது.

இந்தியாவில் இக்கிருமி 1986-ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்தில்லை. இன்றோ நிலைமை வேறு. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகின்றது. அதனை நாள் தவறாது உட்கொள்வோர், ஏனையோரைப் போலவே உழைத்து நெடுநாள் வாழ்கின்றனர். ஆனால் மருந்தை விழுங்க வாய் இடங்கொடுக்க வேண்டுமன்றோ?

இவர்களுக்கு வரும் வாய்நோய்களுள் முதன்மையானது வெண்படலம். நாவிலும் அண்ணத்திலும் தயிர் படிந்தாற்போல் தோன்றும். துடைத்தால் அடியில் சிவந்து எரியும். இது பூஞ்சைக் காளானால் வருவது. தொண்டைக்குள் பரவினால் விழுங்கவே வலிக்கும். நாவின் ஓரத்தில் துடைத்தாலும் நீங்காத வெண்கோடுகள், ஈறு சிவந்து குருதி கசிதல், ஆறாத புண், உமிழ்நீர் வற்றிப் பற்கள் சொத்தையாதல் ஆகியனவும் உண்டு. வலியால் உணவு குறையும்; உணவு குறைந்தால் உடல் மெலியும்; மாத்திரையும் தவறும்; நோய் முற்றும். வாய்ப்புண்தானே என்று இருந்துவிடலாகாது. வெண்படலம் மருந்தால் குணமாகக்கூடியதே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நீரிழிவு, இரத்தசோகை, புகையிலை, பொருந்தாத பல்செட்டு ஆகியவற்றாலும் வாயில் புண்ணோ படலமோ தோன்றும். ஆதலின் ஒருவருடைய நாவைக் கண்டு நோயை ஊகித்து ஊரில் பேசுதல் பெருந்தவறு. இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையைக் கூறும்.

எச்சில் வழியாக இக்கிருமி பரவுவதில்லை. ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், ஒரே பந்தியில் உண்பதாலும் எவருக்கும் தீங்கில்லை. வீட்டில் தனித் தட்டு வைப்பதும், விருந்தில் ஓரமாக அமர்த்துவதும் நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்கின்றன. ஒளிந்துகொண்டவர் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. கிருமி செய்யும் கேட்டோடு நாம் செய்யும் கேடும் சேர்ந்துகொள்கின்றது.

எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகப் பல் மருத்துவம் மறுத்தலையும், இசைவின்றி ஒருவரது நோய்நிலையை வெளியிடுதலையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. இதனை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எளியனவே. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம் என்பதை ஊரறியச் செய்வோம். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்போம். காலையும் இரவும் மென்மையான தூரிகையால் பல் துலக்குதல், உப்பு நீரால் கொப்பளித்தல், புகையிலையை விடுதல் ஆகிய பழக்கங்களை எல்லோருக்குமாக எடுத்துரைப்போம். வாய் புண்பட்டிருக்கும் நாளில் காரத்தை நீக்கிக் கேழ்வரகுக் கூழும் மோருஞ்சோறும் கொடுக்கலாம். விழுங்க இயலாதவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

சாலையும் கிணறும் ஊருக்கு வேண்டும். அவற்றோடு, நோயுற்றவர் அஞ்சாமல் வாய்திறந்து தம் துன்பத்தைக் கூறத்தக்க ஊராகவும் நம் ஊர் விளங்குதல் வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. உங்கள் மனம் இசைந்தால் போதும்.