பணியிடமே பயிற்சிக்கூடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளியூரார் நம் பர்கூரைத் துணிக்கடைகளின் ஊராகவே அறிவார்கள். ஆனால் ஷிப்டு மாறும் நேரத்தில் நெடுஞ்சாலையோரம் நின்று பார்த்தால் வேறொரு பர்கூர் கண்ணில் படும். சிப்காட் தொழிற்பேட்டைக்கும் ஓசூருக்கும் செல்லும் பேருந்துகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை வேலைக்குச் செல்வோரும் உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பெற்றோர் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதியில் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். அந்த வேலையில் பிள்ளை கற்றுக்கொள்ளும் தொழில் என்ன? கற்றதை வேறோர் இடத்தில் மெய்ப்பிக்க அவன் கையில் இருக்கும் சான்று என்ன?

இக்கேள்விக்கு நல்ல விடை தந்த வரலாறு நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. 1984ஆம் ஆண்டு டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. அன்று ஓசூரும் நம் பர்கூரும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். வானம் பார்த்த பூமியான இம்மாவட்டத்தில் கடிகாரம் செய்யத் தெரிந்தவர் யார் இருந்தார்? அருகில் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை இருந்தது. அனுபவசாலிகளை அங்கிருந்து அழைத்து வருவது எளிய வழி. ஆனால் அந்நிறுவனம் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞர்களையும் இளம்பெண்களையும் பெருமளவில் தேர்ந்தெடுத்து, நுட்பமான அவ்வேலையை அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தது. 1987இல் டைட்டன் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகளின் விரல்கள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பாகங்களைப் பொருத்தப் பழகின. திறமை என்பது ஊரைப் பார்த்து வருவதன்று. கற்பிப்பார் இருந்தால் எந்த ஊரிலும் வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கற்பிப்பதற்கும் ஒரு முறை உண்டு. "பக்கத்தில் நின்று பார், தானாக வந்துவிடும்" என்பது நம் பட்டறைகளின் வழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழில் தெரியாத இலட்சக்கணக்கானோரை விரைந்து பழக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1940 முதல் 1945 வரை நடைபெற்ற அத்திட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கே முதலில் கற்பிக்கும் கலை கற்பிக்கப்பட்டது. அதன் படிகள் நான்கு. முதலில் கற்பவரின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிய வேண்டும். அடுத்து வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துச் செய்துகாட்டி, ஒவ்வொன்றின் காரணத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, அவரையே செய்யவைத்து, செய்யும்போதே வாய்விட்டு விளக்கவும் சொல்ல வேண்டும். கடைசியாக, தனியே செய்ய விட்டு, அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும். போருக்குப் பின் இம்முறை ஜப்பானிலும் வேரூன்றியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசும் நம் வட்டாரத்திற்கு இதில் மூன்றாம் படி மிகவும் பொருந்தும். ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்பை நீட்டிவிட்டால் பயிற்சி முடிந்துவிடாது. தொழிலாளி தன் மொழியில் திருப்பிச் சொல்லும்போதுதான் அவருக்கு விளங்கியதா என்பது தெரியும்.

இங்கே அமர்ந்திருக்கும் முதலாளிகள் சிலரின் மனத்தில் ஓர் எண்ணம் ஓடும். "நான் செலவழித்துக் கற்றுக்கொடுப்பேன், கற்றவன் மறுநாளே ஓசூருக்குப் போய்விடுவான், எனக்கென்ன ஆதாயம்?" இது நியாயமான அச்சமே. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் பயிற்சி வேறு. எங்கும் செல்லுபடியாகும் பயிற்சி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். எங்கும் பயன்படும் தொழிலைக் கற்கும் காலத்தில் தொழிலாளி குறைந்த ஊதியத்தை ஏற்கிறார். அவ்வாறு பயிற்சிச் செலவை அவரே சுமக்கிறார் என்பது அவர் கருத்து. சற்றே சிந்தித்துப் பாருங்கள். முழுச் சம்பளத்திற்குப் பதில் உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு ஓர் இளைஞர் ஓராண்டு உழைத்தால், தொழிலுக்கான விலையை அவர் கொடுத்துவிட்டார் என்றே பொருள். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ரசீது கேட்பது உரிமை அல்லவா? பயிற்சிச் சான்றிதழ்தான் அந்த ரசீது. தொழிலையும் கற்பிக்காமல், சான்றும் தராமல், 'பயிற்சியாளர்' என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் வைப்பது கொடுக்கல் வாங்கலில் நேர்மையாகாது.

சட்டமும் இதற்கு வழி வகுத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களும் விரும்பினால் சேர்க்கலாம். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. எனவே இது பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியது என்று நம் கிரானைட் பட்டறைக்காரர்களும் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. அதேவேளையில் பெற்றோரும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்று இச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பிள்ளையோடு வீடு திரும்புவது அவன் கற்ற தொழிலும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழும்தான். நாடு முழுவதும் செல்லும் அச்சான்றிதழ், இரு மாநிலங்களுக்கும் இடையே வேலை தேடும் நம்மைப் போன்ற எல்லைப்புறத்தாருக்கு இரட்டிப்புப் பயன் உடையது.

பயிற்சி இளைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பிடித்துக்கொண்டது. இப்பொழுது ஓசூரிலேயே மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன. வண்டியின் ஓசையைக் கேட்டே கோளாறு சொன்ன மூத்த மெக்கானிக், இன்று சென்சாரையும் பேட்டரியையும் படிக்க வேண்டியவராகிறார். நாற்பது வயதில் மீண்டும் மாணவனாவதில் வெட்கம் ஏதுமில்லை. ஏட்டுப் படிப்பின்றி அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்காக, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்னும் ஏற்பாடும் உருவாக்கப்பட்டது. அவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் அளிப்பதே அதன் நோக்கம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். சேர்க்கப்படுவது பழகுநராகவா, ஒப்பந்தத் தொழிலாளராகவா? கற்பிக்கப்படும் தொழில் எது? முடிவில் சான்றிதழ் உண்டா? இம்மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். மகளை அனுப்பும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

இரண்டாவது, தொழில் நடத்துவோருக்கு. வாரத்தில் ஒரு மணி நேரத்தை, வேலை நேரத்திற்குள்ளேயே, கற்பிப்பதற்கென ஒதுக்குங்கள். களைத்துப்போன பிறகு நடத்தும் வகுப்பு மனத்தில் நிற்காது. கடையில் துணி மடிக்கும் பையனுக்குக் கணக்கையும் கணினியில் பில் போடுவதையும் கற்றுக்கொடுங்கள். அவன் ஒருநாள் தனிக்கடை வைத்தால் அது உங்கள் கடையின் நற்பெயரே தவிர இழப்பன்று.

மூன்றாவது, நம் ஜமாஅத்திற்கு. திருமணப் பதிவேட்டைக் கவனமாகப் பேணும் நாம், தொழில் பதிவேடு ஒன்றையும் தொடங்குவோம். யாரிடம் என்ன தொழில் உள்ளது, யார் கற்பிக்க முன்வருகிறார், யார் கற்க விரும்புகிறார், யாருக்குச் சான்றிதழ் இல்லை என்பன அதில் இடம்பெறட்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களையும் நம் ஊரில் 1994 முதல் இயங்கிவரும் அரசு பொறியியல் கல்லூரியையும் அணுகி வழிகாட்டுதல் கேட்போம்.

ஆலைகள் வரும், போகும். இயந்திரங்கள் மாறும். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, அந்தப் பதிவேட்டில் எத்தனை பெயர்களுக்கு எதிரே புதிய சான்றிதழ் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் வாசிக்கப்பட வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.