நற்சான்றும் நிலைத்த பணியும்



தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ்கள் பல. அவற்றுள் ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

என் மாணவன் ஒருவன் நகரத்துத் தங்கும் விடுதி ஒன்றில் பணி தேடினான். கணக்கில் வல்லவன், ஆனால் அயலாரிடம் நான்கு சொற்கள் பேசவும் கூசுவான். அதனை அறிந்திருந்தும், 'எவருடனும் இனிது பழகுபவன்' என்று எழுதினேன். விடுதியாரும் இரண்டு கேள்விகள் கேட்டு, மறுநாளே விருந்தினரை வரவேற்கும் பணியில் அமர்த்தினர். இரவு முறை உண்டு, பண்டிகை நாளில் விடுப்பு இல்லை என்பவற்றை எவரும் முன்னரே சொல்லவில்லை. நாற்பதாம் நாள் பெட்டியுடன் திரும்பி வந்தான். 'நான் எதற்கும் உதவாதவன், ஐயா' என்றான். தவறு அவனுடையதன்று, என் பேனாவும் அதில் பங்கு கொண்டிருந்தது.

விடுதித் தொழிலில் ஆட்கள் நிலைப்பதில்லை என்பது பழைய முறையீடு. ஒருவர் விலகினால் எஞ்சியோர்மீது சுமை ஏறுகிறது. அது தாளாமல் அவர்களும் விலகுகின்றனர். ஆராயாது ஆள் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே.

இதற்கு மாற்று வழியும் உண்டு. தாஜ் விடுதிக் குழுமம் ஆள் தேர்ந்த முறையைப் பற்றி, ரோஹித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரெய்னா ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டு ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ இதழில் எழுதினர். பெருநகரங்களை விடுத்து, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் போன்ற ஊர்களிலே ஆட்களைத் தேடினராம். பள்ளித் தலைமையாசிரியர்களின் துணையையும் நாடினராம். மதிப்பெண்ணைவிட, மூத்தோரை மதிக்கும் பண்பும் மலர்ந்த முகமும் பெரிதாகக் கருதப்பட்டன. பிற விடுதிகள் பன்னிரண்டு மாதம் பயிற்சி அளிக்க, இவர்கள் பதினெட்டு மாதம் அளித்தனர். பண்பைப் பார்த்துச் சேர். தொழிலைப் பொறுமையுடன் கற்பி என்பதே இதன் சாரம்.

இம்முறையில் என் போன்றோரின் சொல்லுக்கு எத்துணைப் பொறுப்பு இருக்கிறது, பாருங்கள்! அதன்பின் நான் மெய்யல்லாத சொல் ஒன்றையும் சான்றிதழில் எழுதியதில்லை.

அம்மாணவன் பின்னர்க் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதும் பணியில் சேர்ந்தான்; பல்லாண்டுகளாக அங்கேயே நிலைத்திருக்கிறான்.

இளைஞர்களே! நாளை வேலைக்குச் செல்லும்போது, ஊதியத்தை மட்டும் கேளாதீர்கள். வேலை நேரத்தையும், விடுப்பையும், கற்பிக்கும் முறையையும் கேளுங்கள். உங்கள் இயல்பையும் மறையாது சொல்லுங்கள். நாளை நீங்களே பிறரைப் பணியில் அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தால், அவர்களிடமும் உண்மையை முன்னரே சொல்லுங்கள்.