விண்டோஸ் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்களுக்கு இந்தத் தகுதி இல்லை. அதனால்தான் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்ற பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது.

ஆனால் விண்டோஸை ஒரேயடியாக விடவும் முடியாது. கடைக் கணக்கு டேலி மென்பொருளில் இருக்கும். இரண்டும் ஒரே கணினியில் இருக்கட்டும், இணையம், வங்கி வேலையெல்லாம் லினக்ஸில், கணக்கு மட்டும் விண்டோஸில் என்று வைத்துக்கொள்வது நல்ல யோசனை. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது அது.

சரி, எந்த லினக்ஸ்? இங்கேதான் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிதான் லினக்ஸ். அதோடு திரைத்தோற்றம், மென்பொருள்கள், நிறுவும் வழி எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொடுத்தால் அது டிஸ்ட்ரோ. டிஸ்ட்ரோக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்றாலும் குடும்பங்கள் சிலதான். 1993-ல் டெபியன் வந்தது. அதை வைத்து 2004-ல் உபுண்டு. உபுண்டுவை வைத்து 2006-ல் லினக்ஸ் மின்ட்.

என்னைக் கேட்டால், முதல் லினக்ஸுக்கு மின்ட், அதிலும் சினமன் பதிப்பு. விண்டோஸில் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று சொல்லும், வேலைக்கு நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முதல் மாதத்தில் உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் எதுவானாலும், அது ஏற்கெனவே இன்னொருவருக்கு வந்து, அதற்கு விடையும் கிடைத்திருக்க வேண்டும். மின்ட்டின் அடித்தளம் உபுண்டு என்பதால், உபுண்டுக்காரர்களுக்குக் கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை மின்ட்டுக்கும் பொருந்தும். புதியவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

லேப்டாப் மிகப் புதியது, மின்ட்டில் வைஃபை எடுக்கவில்லை என்றால் உபுண்டுவின் அண்மைப் பதிப்பையோ ஃபெடோராவையோ பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். கல்லூரிப் பிள்ளைகள் ஹேக்கிங் கற்க வேண்டும் என்று எடுத்தவுடன் காளி லினக்ஸைப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடனே நிறுவிவிடாதீர்கள். அதன் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாமல் முழு லினக்ஸும் ஓடும். வைஃபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை மறுபடி உயிர் பெறுகிறதா? பிரிண்டர் அச்சடிக்கிறதா? ஒரு மாலைப்பொழுது இதற்கு ஒதுக்குங்கள். எந்த டிஸ்ட்ரோ நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்பதைவிட உங்கள் கணினியிடம் கேட்பது மேல்.

இனி கவனமாகக் கேளுங்கள். இரட்டை நிறுவலில் உண்மையான ஆபத்து டிஸ்க்கில்தான் இருக்கிறது. புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். அடுத்தது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. பல புதிய லேப்டாப்களில், உரியவருக்கே தெரியாமல் அது போட்டபடி வருகிறது. துவங்கும் முறையில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் 48 இலக்கச் சாவியைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடலாம். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். நிறுவுவதற்கு முன்பே அதை எடுத்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுத முடியாமல் போகும்.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலிருந்தே சுருக்கி எடுங்கள். மின்ட்டுக்கு 20 ஜிபி கட்டாயம், 100 ஜிபி இருந்தால் வசதி. நிறுவும்போது, விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதா, டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவதா என்று ஒரு திரை கேட்கும். அந்த ஒரு திரையில் அவசரப்படாதீர்கள். இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். விண்டோஸ் இருப்பதாகவே அது காட்டவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நிறுவி முடித்தபின் விண்டோஸுக்குள் போனால் சில கணினிகளில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒற்றை வரிக் கட்டளையில் இது சரியாகிவிடும்.

லினக்ஸ் ஏற்றிய அந்தப் பென் டிரைவை மட்டும் அழித்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பால், இரண்டும் இருந்த பல கணினிகளில் லினக்ஸ் திறக்காமல் போனது. கோப்புகள் பத்திரமாக இருந்தன, உள்ளே போகும் வழிதான் அடைபட்டது. கணினி துவங்கும்போது சரிபார்க்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியைத் தற்காலிகமாக நிறுத்தித்தான் பலர் உள்ளே போனார்கள். இப்படி எதுவும் நேர்ந்தால், கோப்புகளை எடுக்கவும் பூட் மெனுவைச் சரிசெய்யவும் அந்தப் பென் டிரைவ்தான் கை கொடுக்கும். அதன்மேல் பெயர் எழுதி, சாவி எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள்.